பெரட்டுப் புத்தகமும் கடவுச்சொல்லும்: மென்பொருளை எழுதுவதா, வாங்குவதா?

2019 ஜூன் 30ஆம் தேதியோடு மலேசியப் பள்ளிகளில் ஒரு மென்பொருளின் ஆயுள் முடிந்தது. 'ஃபுரோக்' எனப்பட்ட அந்த மெய்நிகர்க் கற்றல் தளம், நாட்டின் 10,000 பள்ளிகளுக்கு இணையத்தையும் கற்றல் தளத்தையும் ஒரே பொட்டலமாக வழங்கிய '1பெஸ்தாரிநெட்' திட்டத்தின் ஓர் அங்கம். மறுநாளே கல்வி அமைச்சு ஆசிரியர்களைக் கூகுள் வகுப்பறைப் பக்கம் திருப்பிவிட்டது. நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் பேரா மாநிலத்தில்தான் இருக்கின்றன: 134. அவற்றுள் பல, ரப்பர்த் தோட்டமாக இருந்து செம்பனைக்கோ வீடமைப்புப் பகுதிக்கோ மாறிவிட்ட நிலங்களின் ஓரத்தில் நிற்பவை. முடிவு எடுக்கப்பட்டது நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில். பழைய கடவுச்சொல்லை மறக்கவைத்துப் புதியதைப் பிள்ளைகளுக்குப் பழக்கும் வேலை சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் பீடோரிலும் நடந்தது.

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய மென்பொருளைத் தன் ஆட்களை வைத்தே எழுதிக்கொள்வதா, சந்தையில் இருப்பதை வாங்கிக்கொள்வதா? பெரும்பாலும் இரண்டு தொகைகளை அருகருகே வைத்து இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள்: எழுதினால் இவ்வளவு, வாங்கினால் இவ்வளவு. மலேசியாவின் அண்மைக்கால அனுபவத்தை, அதிலும் பேராவின் தோட்டங்களும் பள்ளிகளும் கடைகளும் அதைச் சுமந்த விதத்தை நெருங்கிப் பார்த்தால், அந்தத் தொகைகள் கேள்வியின் ஒரு மூலையைத்தான் தொடுகின்றன. வாங்கியது கைவிடப்பட்டது, இலவசமாக வந்தது வழக்கில் சிக்கியது, தானே எழுதியது முதல் வாரத்திலேயே தடுமாறியது. வேலையை அறிந்த ஒருவர், மென்பொருளைத் திருத்தும் அதிகாரத்தோடு, நிறுவனத்துக்குள் இருந்தாரா என்ற ஒன்றே இம்மூன்றின் விளைவையும் பெருமளவு விளக்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. இருக்கும் புரிதல்

சந்தையில் எல்லாமே கிடைக்கும் என்றால் நிறுவனங்கள் எதற்கு? 1937இல் ரொனால்ட் கோஸ் எழுப்பிய இந்தக் கேள்வியில்தான் விவாதத்தின் வேர் இருக்கிறது. சந்தைக்குப் போவதற்கே செலவு உண்டு என்றார் அவர். ஆளைத் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் செலவு உள்ளேயே செய்யும் செலவை மிஞ்சும்போது வேலை நிறுவனத்துக்குள் வந்துவிடுகிறது. 2009இல் நோபல் பரிசு பெற்ற ஆலிவர் வில்லியம்சன் இதைக் கூர்மையாக்கினார்: ஒரு பொருள் எந்த அளவுக்கு ஒரே ஒருவருக்கென்று தைக்கப்பட்டதோ, அந்த அளவுக்குக் கையெழுத்திட்ட பிறகு வாங்கியவர் விற்றவரிடம் மாட்டிக்கொள்வார்.

மென்பொருள் துறைக்குள்ளிருந்து வந்த குரல் வேறு திசையில் இழுத்தது. ஒரு மென்பொருளைப் பல்லாயிரம் பேர் பயன்படுத்தும்போது அதன் ஆக்கச் செலவு அத்தனை பேருக்கும் பகிர்ந்துவிடுகிறது. ஆகவே மென்பொருள் எழுதும் சுமையைக் குறைக்கச் சிறந்த வழி எழுதாமல் இருப்பதுதான் என்று 1980களில் ஃபிரெட் புரூக்ஸ் வாதிட்டார். அவருக்கு முன்பே மேயர் லேமன் இன்னொன்றைக் கவனித்திருந்தார்: பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள் தொடர்ந்து மாற்றப்பட்டாக வேண்டும், இல்லையென்றால் நாளாக நாளாகப் பயனிழக்கும். வாங்குவதா எழுதுவதா என்ற பேச்சில் லேமன் அதிகம் நினைக்கப்படுவதில்லை. அது ஒரு குறைதான். வாங்கும் நாளோடு செலவு முடிவதில்லை என்பதை அவரளவுக்குத் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு.

மலாயாத் தோட்டத் துறைக்கு இந்தக் கேள்வி கணினிக்கு முன்பே பழக்கமானது. லண்டனில் பதிவான தோட்ட நிறுவனங்கள் பல, ஆள் சேர்ப்பு, சரக்குக் கொள்முதல், கணக்கு, ரப்பர் விற்பனை ஆகியவற்றைத் தாமே செய்யவில்லை. ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு, கத்ரி போன்ற முகவர் நிறுவனங்களிடம் கட்டணத்துக்கு ஒப்படைத்தன. காலப்போக்கில் தோட்டத்தின் உண்மையான கட்டுப்பாடு பங்குதாரர்களிடம் இருக்கிறதா, முகவரிடம் இருக்கிறதா என்று கேட்கும் நிலை வந்தது. தெலுக் இந்தானுக்கு அருகே ஜெண்டராட்டாவைத் தலைமையிடமாகக் கொண்டு, 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் தொடங்கிய யுனைட்டெட் பிளாண்டேஷன்ஸ், தனக்கென ரயில் பாதை, ஆய்வுப் பிரிவு, பொறியியல் பிரிவு என்று உள்ளுக்குள் கட்டிக்கொள்ளும் வழியில் போனது. ஒரே மாநிலத்தில், ஒரே தொழிலில், இரண்டு பதில்கள்.

2. கிராணியின் பேரேடு

தோட்டத்து அலுவலகத்தில் இருந்த 'செக்ரோல்' என்ற பேரேட்டை ஒரு மென்பொருளாகவே பார்க்கலாம். விடியுமுன், பெரட்டு எனப்படும் வருகைக் கணக்கெடுப்பில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர் யார், வராதவர் யார், எவருக்கு எந்த மரநிரை என்று எழுத்தரான கிராணி குறித்துக்கொள்வார். பெயர்கள் இடப்புறம், தேதிகள் மேலே, கட்டத்துக்குள் ஒரு குறி. பால் வெட்டி முடிந்து தோம்புகள் பால் ஸ்டோருக்கு வந்ததும் நிறுவை. நிறுத்ததோடு கணக்கு முடியாது. பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்க்க ஒவ்வொருவர் பாலிலிருந்தும் கொஞ்சம் மாதிரி எடுத்து, உலர் ரப்பர் அளவைக் கணக்கிடுவார்கள். முப்பது கிலோ பால் கொண்டுவந்த இருவருக்கு ஒரே கூலி கிடைக்க வேண்டியதில்லை. ஒட்டுப்பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் தனிக் கணக்கு. மழையில் வேலை பாதியில் நின்றால் அதற்கொரு விதி. இவற்றுக்கு மேல், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் தரப்பில் 'மாப்பா' சங்கமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் நாள் கூலியையும் ரப்பர் விலையோடு ஏறி இறங்கும் படியையும் நிர்ணயிக்கும்.

இந்த அலுவலகத்துக்குக் கடையில் விற்கும் சம்பள மென்பொருள் ஒன்றை வாங்கினால் என்ன ஆகும்? மாதச் சம்பளம், மிகை நேரம், சேமநிதி, சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோ எல்லாம் அதற்குத் தெரியும். உலர் ரப்பர் அளவு தெரியாது, பெரட்டு தெரியாது, மழை விதி தெரியாது. ஆகவே கணினிக்குப் பக்கத்தில் ஓர் எக்செல் தாள் முளைக்கும். கிராணி அதில் கூட்டிப் பெருக்கி, வந்த மொத்தத்தை மட்டும் மென்பொருளில் தட்டுவார். கூலிக் கணக்கின் உயிரான பகுதி, வாங்கிய மென்பொருளுக்கு வெளியே, ஒருவருடைய மடிக்கணினியில் தங்கிவிடும். அவர் ஓய்வு பெறும் நாளில் அதுவும் அவரோடு போய்விடலாம். வாங்கினோம் என்று நினைப்பவர்கள் பலர் இப்படித் தமக்குத் தெரியாமலே ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் மோசமான முறையில்.

எல்லாவற்றையும் தானே எழுதினால் சரியாகிவிடுமா? சட்டம் விடாது. தீபகற்ப மலேசியாவில் 2013இல் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் 1,000, 2019இல் 1,100, 2022இல் 1,500, 2025இல் 1,700 என்று உயர்ந்துகொண்டே வந்தது. 2018இல் வேலைக் காப்புறுதிச் சந்தா வந்தது. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் முதலாளி சேமநிதி செலுத்த வேண்டும். பேராவின் தோட்டங்களில் இன்று வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் வெளிநாட்டவர் என்பதால் இந்தக் கடைசி மாற்றம் சிறியதல்ல. இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றையும் தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனியே எழுதுவது வீண். நாடு முழுதும் ஒன்றாக இருப்பதை நாடு முழுதும் விற்பவர் ஒரே தடவை திருத்தி அனுப்பட்டும். உலர் ரப்பர்க் கணக்கோ வேறு வகை. எந்தச் சட்டமும் அதை எழுதவில்லை. தோட்டத்தின் சொந்தப் பழக்கத்தில் பிறந்தது அது. அதைத் திருத்தும் உரிமை தோட்டத்திடமே இருக்க வேண்டும். புரூக்ஸும் வில்லியம்சனும் மோதிக்கொள்வதாகத் தோன்றுவது இருவரையும் ஒரே பேரேட்டின் வெவ்வேறு பத்திகளுக்குப் பொருத்தாததால்தான்.

ஈப்போவின் கடைத்தெருவும் இதையே காட்டுகிறது. 2015 ஏப்ரல் 1 அன்று பொருள் சேவை வரி அமலுக்கு வந்தபோது, சிறு வணிகர்கள் அதற்கான மென்பொருள் வாங்க அரசு 1,000 வெள்ளி மின்பற்றுச்சீட்டு கொடுத்தது. மூன்றாண்டுகளில், 2018 ஜூன் 1இல், அந்த வரி பூஜ்யமாக்கப்பட்டது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. இப்போது மின்விலைப்பட்டியல்: பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கி, 2026 ஜனவரியில் 10 இலட்சம் வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள சிறு வணிகம்வரை இறங்கிவிட்டது. இந்த அலைகளுக்கு நடுவே மளிகைக் கடைக்காரர் ஒருவர் தனக்கென்று கணக்கு மென்பொருள் எழுதச் சொல்லியிருந்தால் கடையை விற்றிருப்பார். ஆட்டோகவுண்ட், எஸ்கியூஎல் அக்கவுண்ட் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளை வாங்கியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். வருமான வரி வாரியமே 'மைஇன்வாய்ஸ்' தளத்தை இலவசமாகத் திறந்து வைத்திருப்பதால் அவற்றையும் வாங்காமல் தப்பியவர்கள் உண்டு.

3. பொட்டலமாக வாங்கியது

பள்ளிகளுக்கு மென்பொருள் தருவதை மலேசியா 1பெஸ்தாரிநெட்டுக்கு முன்பே ஒருமுறை சோதித்திருந்தது. 1990களின் இறுதியில் 'விவேகப் பள்ளி' முன்னோடித் திட்டத்தின்கீழ் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கு மென்பொருள் தயாரிக்கப்பட்டது. தமிழ்மொழிப் பாடம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் 1பெஸ்தாரிநெட். 2011இல் ஒய்டிஎல் குழுமத்தின் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் குத்தகை கிடைத்தது. பல கட்டங்களாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு விரியும் திட்டத்தின் மதிப்பு 400 கோடி வெள்ளிக்கு மேல். கற்றல் தளமான ஃபுரோக் பிரிட்டனில் உருவானது.

2013ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்காய்வு அறிக்கை திட்டத்தைக் கடுமையாகக் குறைகூறியது. தளத்தை ஆசிரியர், மாணவர், பெற்றோர் பயன்படுத்திய அளவு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. எதிர்பார்த்த இணைய வேகம் பல பள்ளிகளில் கிடைக்கவில்லை. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் விசாரித்தது. ஃபுரோக் மோசமான மென்பொருள் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது சரியாகாது. பிரிட்டனில் அதை விரும்பிப் பயன்படுத்திய பள்ளிகள் இருந்தன. கோளாறு பொட்டலத்தில் இருந்தது. இணையமும் தளமும் ஒரே குத்தகையில் கட்டப்பட்டதால், ஒன்று படுத்தால் மற்றதும் படுத்தது. கம்பியில்லா இணையம் மலைச்சரிவுக்குப் பின்னால் உள்ள பள்ளியை எட்டாதபோது, நல்ல தளம் இருந்து என்ன பயன்? தளத்தை மட்டும் மாற்றவோ இணையத்தை மட்டும் மாற்றவோ பள்ளிக்கு வழியில்லை. மாநிலக் கல்வி இலாகாவுக்கும் இல்லை.

அடுத்து வந்த கூகுள் வகுப்பறையும் வாங்கிய சரக்குதான், பணம் கேட்காத சரக்கு. 2020 ஜூனில் கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் மூன்றையும் ஒரே வாசலுக்குப் பின்னால் வைத்து 'டெலிமா' கற்றல் தளம் தொடங்கப்பட்டது. இங்கே அமைச்சு ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது: அடையாளத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. ஆசிரியரும் மாணவரும் நுழைவது அமைச்சின் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரி வழியாக. உள்ளே இருக்கும் கருவி மாறினாலும் முகவரி மாற வேண்டியதில்லை. ஃபுரோக் போனபோது ஏற்பட்ட குழப்பத்தில் கற்ற பாடமாக இதைக் கொள்ளலாம்.

மென்பொருளால் தீராதவையும் உண்டு. பெருந்தொற்றின் தொடக்கத்தில் அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தச் சாதனமும் இல்லை என்று தெரிந்தது. சாதனம் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் கையில் இருந்தது திறன்பேசி. அம்மாவின் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்ளும் வீட்டில், தளத்தை எழுதினார்களா வாங்கினார்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

4. இலவசமாக வந்தது

கோவிட் தொற்றைக் கண்காணிக்க 2020 ஏப்ரலில் அறிமுகமான மைசெஜாத்ரா செயலியை அரசு எழுதவுமில்லை, வாங்கவுமில்லை. 'கேபிஐசாஃப்ட்' என்ற தனியார் நிறுவனம் சமூகப் பொறுப்பாக ஓராண்டுக்கு இலவசமாகத் தருவதாகச் சொல்லிக் கொடுத்தது. நாடு முடங்கிக் கிடந்த வேளை அது. சில வாரங்களில் ஒரு செயலி வேண்டும், தர ஒருவர் முன்வருகிறார், வாங்கிக்கொண்டார்கள். அந்த அவசரத்தைக் குறைசொல்வது எளிது. அப்போது பொறுப்பில் இருந்தவர் இடத்தில் நின்று பார்த்தால் பலரும் அதையே செய்திருப்பார்கள்.

சிக்கல் ஓராண்டு கழித்து முளைத்தது. அதற்குள் திறன்பேசி உள்ளவர் செயலி இல்லாமல் கடைக்குள் நுழைய முடியாது என்ற நிலை. ஈப்போ ஜாலான் லஹாட்டில், லிட்டில் இந்தியா கடைகளின் வாசலில், கண்ணாடிக் கதவில் ஒட்டிய விரைவுக் குறியீட்டுத் தாளும் அதன்கீழே ஒரு மேசையில் நூலில் கட்டிய பேனாவோடு ஒரு பயிற்சிப் புத்தகமும் இருக்கும். திறன்பேசி இல்லாதவர் பெயர், தொலைபேசி எண், நேரம், உடல் வெப்பம் எழுதிவிட்டு உள்ளே போகலாம். தோட்டத்தில் பெரட்டு நின்ற தலைமுறையைச் சேர்ந்த மூதாட்டிக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் பதிவது புதிதாக இருந்திருக்காது. செயலியில் பதிந்தவர்களின் தரவோ யாரிடம் இருந்தது?

2022 மார்ச்சில் பொதுக் கணக்குக் குழு இதை வெளியே கொண்டுவந்தது. அப்போது குழுவின் தலைவர் ஈப்போ தீமோர் நாடாளுமன்ற உறுப்பினர் வோங் கா வோ. அரசுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையே முறையான ஒப்பந்தமே இல்லை, இரகசியக் காப்பு உடன்பாடு ஒன்றுதான் இருந்தது என்று தெரியவந்தது. இதற்கிடையே செயலி 'மைஎஸ்ஜே' என்ற வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. 2021 நவம்பரில் அமைச்சரவை அந்த நிறுவனத்தோடு நேரடிப் பேச்சு நடத்த முடிவெடுத்தது, இரண்டாண்டுகளுக்கு 19.6 கோடி வெள்ளி என்ற உச்சவரம்பு பேசப்பட்டது. உரிமம் தொடர்பாக இரு நிறுவனங்களும் நீதிமன்றம் போயின. பின்னர் வந்த கணக்காய்வு அறிக்கை, 'சூப்பர் அட்மின்' கணக்கு ஒன்றின் வழியாக 30 இலட்சம் பேரின் தரவு பதிவிறக்கப்பட்டதையும் சுட்டியது. வில்லியம்சன் எச்சரித்தது இதைத்தான். பேரம் பேசும் பலம் வாங்குபவரிடம் இருந்த காலம், கையெழுத்து இல்லாமலே கடந்துபோய்விட்டது.

பக்கத்து நாட்டோடு ஒப்பிடுவது நியாயமானது; நோய் ஒன்று, மாதமும் ஏறக்குறைய ஒன்று. 2020 மார்ச் 20 அன்று வெளியான சிங்கப்பூரின் 'டிரேஸ்டுகெதர்' செயலியை அரசின் 'கவ்டெக்' பிரிவே எழுதியது, நிரலையும் வெளியிட்டது. யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழவில்லை. ஆனாலும் 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறை அந்தத் தரவைப் பெறலாம் என்று அரசு ஒப்புக்கொண்டபோது மக்கள் நம்பிக்கை அடிவாங்கியது. அதைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப் புதுச் சட்டம் தேவைப்பட்டது. இந்தியாவில் தேசியத் தகவலியல் மையம் சார்ந்த 'ஆரோக்கிய சேது' செயலியின் நிரல் 2020 மே மாதம் வெளியிடப்பட்டது. அதை உருவாக்கியவர் யார் என்ற தகவல் உரிமைக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காமல் அக்டோபரில் மத்தியத் தகவல் ஆணையம் கண்டித்தது. அரசே எழுதினால் உடைமைச் சிக்கல் தீரும். தனியுரிமைச் சிக்கல் தானாகத் தீராது.

5. தானே எழுதியது

மைசெஜாத்ராவின் சூடு ஆறுமுன் மலேசியா எதிர்த்திசையில் நடந்தது. 2024 ஜனவரி 2 அன்று தொடங்கப்பட்ட 'பாடு' என்னும் மையத் தரவுத்தளத்தை வெளிக் குத்தகையாளர் யாருக்கும் கொடுக்காமல் புள்ளிவிவரத் துறையும் அரசு நிர்வாக நவீனமாக்கப் பிரிவான 'மாம்பு'வும் பிற அரசு ஊழியர்களும் சில மாதங்களில் கட்டினார்கள். உதவித்தொகையை உரியவருக்கு மட்டும் கொடுப்பது நோக்கம். அரசு ஊழியர்களே எழுதியது என்பதை அப்போதைய பொருளாதார அமைச்சர் ரபிஸி ரம்லி பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமை நியாயமானதே. பல ஆண்டுகளாக எல்லாவற்றையும் குத்தகைக்கு விட்டுப் பழகிய நிர்வாகம் அது.

தொடங்கிய சில நாள்களுக்குள் ஓட்டைகள் வெளிப்பட்டன. அடையாள அட்டை எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் அறிந்தவர் வேறொருவர் பெயரில் பதிய முடியும் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் பொதுவெளியில் சுட்டிக்காட்டினார். கடவுச்சொல்லை மேலெழுதக்கூடிய பிழையும் பேசப்பட்டது. தோட்டப்புற மக்களுக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தியாக இருந்திருக்காது. லயக் குடியிருப்பில் ஒரே அஞ்சல் குறியீட்டின்கீழ் எல்லாரும் வாழ்ந்தவர்கள். அடையாள அட்டை நகல்கள் அலுவலகம், சங்கம், கூட்டுறவு என்று பல கைகளில் புழங்கியவை. இரகசியமாக இருக்க வேண்டிய இரண்டும் அங்கே இரகசியமல்ல.

எழுதியவர்கள் உள்ளேயே இருந்ததால் திருத்தம் விரைவாக வந்தது. குத்தகைத் திருத்தத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே எழுதுவதன் உண்மையான ஆதாயம் இதுவே என்று கொள்ளலாம். செலவு மிச்சம் என்பது அதற்குப் பின்னால்தான் வரும். மார்ச் 31 காலக்கெடுவுக்குள் 1 கோடிக்கு மேற்பட்டோர் தகவலைப் புதுப்பித்தார்கள். ஆனால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. வெளி நிறுவனம் தவறு செய்தால் கேட்கச் சட்டம் உண்டு. அரசே எழுதியதில் தவறு நேர்ந்தால் குடிமகனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பின்னர் வந்த 2025ஆம் ஆண்டின் தரவுப் பகிர்வுச் சட்டம் அரசு நிறுவனங்கள் தமக்குள் தரவைப் பகிரும் முறையை வகுத்ததே தவிர இந்த இடைவெளியை அடைக்கவில்லை.

6. தமிழ் எழுத்துருவின் சாட்சியம்

வாங்கிய பொருள் கையைக் கட்டிப்போடும் விதத்தை மலேசியத் தமிழர்கள் அரசுக்கு முன்பே அறிந்தவர்கள். 1980, 90களில் தமிழில் தட்டச்சிட எழுத்துரு வாங்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனிக் குறியாக்கம். ஒன்றில் தட்டிய மலரை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கல். ஆண்டு மலர், கோயில் அழைப்பிதழ், பள்ளித் தேர்வுத்தாள் எல்லாம் அந்த எழுத்துரு இருக்கும் கணினிக்கு அடிமை. அன்றைய நெகிழ்வட்டுகளைத் திறக்க முடியாமல் வைத்திருக்கும் சங்கங்கள் இன்றும் இருக்கும்.

இங்கே வாங்குவதற்கே ஏற்ற பொருள் இல்லாத நிலையில் ஒருவர் எழுதினார். மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் உலகச் சந்தைக்குப் போனது. அவருடைய 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலும் 'அஞ்சல்' விசைமுறை ஐபோனிலும் இடம்பெற்றன. ஆனால் சிறையிலிருந்து தமிழை மீட்டது எந்த ஒரு தயாரிப்பும் அல்ல, பொதுத் தரம். சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாடு, 2000இல் உருவான உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், பிறகு ஒருங்குறி. தரம் பொதுவாகிவிட்ட பிறகு முரசு வாங்கினால் என்ன, வேறொன்றை வாங்கினால் என்ன? கோப்பு எல்லாவற்றிலும் திறக்கும். எழுதுவதா வாங்குவதா என்ற கேள்வியின் கூர் அங்கே மழுங்கியது. மலேசிய அரசும் 2004இல் பொதுத்துறைக்கான திறமூலத் திட்டத்தை அறிவித்து, மாம்புவின் மையம் வழியாக 'மைமீட்டிங்' போன்ற மென்பொருள்களைப் பொதுவில் கொடுத்தபோது இந்த வழியைத்தான் தொட்டுப் பார்த்தது. 1பெஸ்தாரிநெட் குத்தகை கையெழுத்தானது அதற்கு ஏழாண்டுகளுக்குப் பிறகு.

7. சிறியவர்களுக்கு என்ன வழி?

இதுவரை பேசியவை அரசும் பெருந்தோட்டமும். பேராவில் 150 பேருக்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட தமிழ்ப்பள்ளிக்கோ, சிறு கூட்டுறவுக்கோ, கோயில் நிர்வாகத்துக்கோ எழுதவும் ஆளில்லை, வாங்கப் பேரம் பேசும் பலமும் இல்லை. இவர்கள் கொடுக்கும் விலை பணமாக இருப்பதில்லை. ஒரே தகவலை அமைச்சின் தளத்திலும் மாநிலப் படிவத்திலும் பள்ளிக் கோப்பிலும் மூன்று முறை எழுதும் ஆசிரியரின் மாலை நேரம்தான் அந்த விலை.

இதற்குப் பேராவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனியாக ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாதவர்கள் மாதம் பத்து வெள்ளி போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். மென்பொருளுக்கும் இதை நீட்டலாமா? 134 பள்ளிகளின் நூலகப் பதிவும் தமிழ் வினாவங்கியும் அடிப்படையில் ஒன்றே. ஒரு முறை எழுதினால் எல்லாருக்கும் ஆகும். புரூக்ஸின் கணக்கு இங்கே கூட்டுறவின் கணக்காகிவிடுகிறது.

ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. தோட்டத்தை வாங்கினால் நிலம் நிலமாக இருக்கும். மென்பொருளை எழுதி முடித்த மறுநாளே அது பழசாகத் தொடங்கும். லேமன் சொன்ன அந்தத் தொடர் திருத்தத்துக்கு மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் வேண்டும். நில நிதிக் கூட்டுறவுக்கும் தோட்டங்களை நடத்தச் சம்பளம் வாங்கும் நிர்வாகிகள் தேவைப்பட்டார்கள், அதற்குப் பால் விற்ற காசு இருந்தது. பள்ளிகளின் பொது மென்பொருளுக்கு விற்க எதுவும் இல்லை. கணினிக்கூடம் திறந்துவைக்க நன்கொடையாளர் கிடைப்பார், ரிப்பன் வெட்டப் பிரமுகரும் வருவார். ஐந்தாம் ஆண்டில் கடவுச்சொல் பிழையைத் திருத்துபவரின் சம்பளத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வரவு செலவில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதற்கு இன்னும் பத்தி ஒதுக்கப்படவில்லை.